ஐந்து விநாடி

ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் எடுத்துப் பேசும் இயந்திரத்துக்கு நிரல் எழுதியவன் புவியரசு. 'நாளை டயாலிசிஸுக்கு வருவதானால் ஒன்றை அழுத்தவும், மறுபடி கேட்க ஒன்பதை அழுத்தவும்' என்று அது சொல்லும். ஐந்து விநாடிக்குள் அழுத்தாவிட்டால் லைனைத் துண்டித்துவிடும். அவன் விரலுக்கு இரண்டே போதும். மீதி மூன்றும் அவன் போட்ட தர்மம்.

இன்று காலையிலிருந்து 0716 என்று முடியும் எண் ஒன்று நாற்பத்தொரு தடவை கூப்பிட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் திரையில் அதே வரி: எதுவும் அழுத்தப்படவில்லை. பன்னிரண்டு மணிக்குள் பதில் வராவிட்டால் நாளைய டயாலிசிஸ் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மணி பதினொன்று ஐம்பது.

"நாமளே கூப்பிட்டுக் கேட்டுரலாமா, ஹஸீனா?"

பக்கத்து நாற்காலிக்காரி திரும்பினாள். "நமக்குக் காட்டுறது கடைசி நாலு நம்பர்தான். மீதி ஆறை ஜோசியம் பார்த்துச் சொல்லுவியா?"

"ஆஸ்பத்திரிக்கு அடிச்சுச் சொன்னா?"

"அங்கயும் உன் மெஷின்தான் எடுக்கும்."

கூப்பிடுகிறவர் எப்படி அழுத்துவார் என்று பார்க்க, புவியரசு தன் போனைக் காதில் வைத்து இறக்கினான். இல்லாத கண்ணாடியை மேஜையில் தடவித் தேடி மாட்டினான். கையை நடுங்கவிட்டு ஒன்றைத் தேடினான். அதற்குள் ஐந்து விநாடி எப்போதோ போயிருந்தது. யாரையும் கேட்காமல் ஐந்தை அறுபதாக்கினான்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு 0716 வந்தது. இருபது விநாடி. நாற்பது.

"அம்மாவோ அய்யாவோ, அழுத்துங்க, ஒண்ணே ஒண்ணு," என்று திரையிடம் கெஞ்சினான்.

ஐம்பத்திரண்டாவது விநாடியில் ஓர் எண் வந்து விழுந்தது. ஒன்பது.

இயந்திரம் நிதானமாக வணக்கம் சொல்ல ஆரம்பித்தது. அவ்வளவு நீளமான வணக்கத்தை எழுதியவனும் புவியரசுதான்.