பின்பக்க எடை, இரண்டு

குட்டி டிராக்டர் ஆறாவது முறையாக நின்றது.

"பிரேக்கை மெதுவா விடு. வெடுக்குன்னு காலை எடுத்தா அது என்ன பண்ணும்?" என்றார் தையல்காரர்.

அவர் மனைவி மறுபடி சாவியைத் திருகினாள். என்ஜின் சமர்த்தாக ஓடியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். நின்றுவிட்டது.

அவர் உட்கார்ந்தால் இதே வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுத் தோட்டம் முழுக்கச் சுற்றி வருகிறது. அவள் உட்கார்ந்தால்தான் இந்த வீம்பு.

பதினொரு மணிக்குக் கடையிலிருந்து வேன் வரும், வண்டியைத் திருப்பி எடுத்துப் போக. முந்தாநாள் அவர்தான் போன் செய்து, உதவாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள், வந்து எடுத்துப் போங்கள் என்று கத்தினார். மாற்று வண்டி வர ஒன்றரை மாதம் ஆகும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

அவளுக்கு ஒன்றரை மாதம் இருக்கிறதா என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.

இப்போது மணி பத்தரை.

ஒரு வருஷமாக அவள் எதையும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வந்தாள், மாத்திரையை விழுங்கு என்றால் விழுங்கினாள், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போன மாதம் ஒருநாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, தோட்டம் காடாய்க் கிடக்கிறது, ஒரு குட்டி டிராக்டர் வாங்குங்கள், நானே ஓட்டிச் சுத்தம் செய்கிறேன் என்றாள்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்ந்தெடுத்ததெல்லாம் அவள்தான். அவர் பெரிதாக ஒன்றைக் காட்டியபோது, "நமக்கு இருக்கறது முக்கால் ஏக்கர். ராஜ்ஜியம் இல்ல" என்று தள்ளினாள். தோட்டத்துக் கதவின் அகலத்தை அவருடைய அளவு நாடாவாலேயே அளந்தாள். கியர் மாற்றுகிற தொல்லை கூடாது, திரும்புவதற்கு நிறைய இடம் கேட்கக் கூடாது என்று படுக்கையில் இருந்தபடியே மூன்று கடைகளைக் குடைந்தெடுத்தாள். வண்டியோடு வந்த புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து வரி விடாமல் படித்தாள்.

பூட்டியது அவர். டயருக்குக் காற்று, பேட்டரிக்கு வயர், அடியில் புல் வெட்டும் பிளேடு. ஊசி பிடித்த கை ஒரு வாரம் ஸ்பேனரோடு மல்லுக்கட்டியது. எல்லாம் முடிந்து பார்த்தால், பட்டியலில் 'பின்பக்க எடை – 2' என்று போட்டிருந்த இரும்புத் துண்டுகள் இரண்டையும் காணோம். மேட்டில் ஏறும்போது வண்டி முன்னால் தூக்கிக்கொள்ளாமல் இருக்கப் பின்னால் மாட்டுவது. அதையும் சேர்த்துத்தான் கடைக்காரரைத் திட்டித் தீர்த்திருந்தார்.

ஏழாவது முறையும் நின்றது.

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. அவளோ அவருடைய பழைய கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். குளிருகிறதாம். வண்டியில் ஏறும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். கைகொடுக்கப் போனவரை, "தொடாதீங்க, நானே ஏறிக்கறேன்" என்று தடுத்துவிட்டாள்.

அந்தக் கோட்டைத் தவிர அவள் உடுப்பெல்லாம் அவர் கை பட்டவை. மாதாமாதம் அவள் அசந்திருக்கும் நேரம் பார்த்து, அரை அங்குலம் பிடித்துத் தைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். தொளதொளவென்று தொங்கினால் அவள் மனசு விட்டுவிடுவாளே என்று பயம். பார்க்க வருகிறவர்களும் அப்படியேதான் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அங்குலம் அவருக்குத் தெரியும். கிலோ தெரியாது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான். நாற்பத்தாறு, அதேதான்.

அவர் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கடைக்குப் போன் போட்டார். வேன் வேண்டாம், என்ன செய்தால் ஓடும் என்று மட்டும் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினார். முந்தாநாள் கத்திய அதே வாய்.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஓட்டுவது சின்னப் பிள்ளையா என்று கேட்டார்.

"இல்லங்க, என் சம்சாரம்."

கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார்.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வண்டி தானாக நிற்பதற்காக வைத்தது. நாற்பது கிலோவாவது அழுத்தினால்தான் ஆள் இருப்பது வண்டிக்குத் தெரியும். பிரேக்கில் கால் இருக்கும்வரை விட்டுவைக்கும். காலை எடுத்ததும், சீட்டில் யாரும் இல்லை என்று நிறுத்திவிடும். புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே என்றார்.

அப்புறம், அந்தப் பின்பக்க எடை இரண்டையும் என் கையாலேயே பெட்டியில் வைத்தேன், மும்மூன்று கிலோ, வீட்டிலேயே நன்றாகத் தேடிப் பாருங்கள் என்றார்.

தையல்காரர் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

இங்கிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது. கோட்டின் பக்கப் பைகள் இரண்டும் சீட்டின் இருபுறமும் கனத்துத் தொங்கின. தோள் தையல் பிரிகிற அளவுக்குத் துணி கீழே இழுபட்டிருந்தது. ஊரார் உடம்பையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிறவர், காலையிலிருந்து இதைப் பார்க்கவில்லை.

பேட்டரி வயர் லூசாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவர் திரும்பி வந்தார். பக்கத்தில் வந்ததும் கை தானாகக் கோட்டின் தோள் தையலுக்குப் போனது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளின் மேல் வைத்துக்கொண்டாள்.

தெருவில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்வளவு வேணும்னு கேட்டீங்களா?" என்றாள்.