அனுமதிக்கப்பட்ட வெள்ளை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் கற்பூரத்தைக் கொளுத்திக் கொடுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

எந்திரம் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

மூன்றாவது முறை.

எடிட்டிங் அறையில் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். சுருக்காமல் பார்க்க முடியாது. தலைவரின் வேட்டி அப்படி.

சேனலில் எதை ஒளிபரப்புவதானாலும், எடிட்டிங் முடிந்த பிறகு அந்த எந்திரம் ஒருமுறை பார்க்கும். சத்தம் அளவோடு இருக்கிறதா, நிறம் அளவோடு இருக்கிறதா. வெள்ளைக்கும் ஓர் எல்லை உண்டு. தாண்டினால் சிவப்பு விளக்கு.

தலைவரின் வேட்டி அந்த எல்லையைத் தாண்டி, அடுத்த மாவட்டம்வரை போயிருந்தது.

அறையில் இருந்த விளக்கையெல்லாம் அணைத்தாயிற்று. வெளிச்சம் குறையவில்லை. சாயங்காலம் வேலைக்கு வந்த இரவுக் காவலாளி, கதவிடுக்கில் தெரிந்ததைப் பார்த்து, விடிந்துவிட்டதென்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வெளியே மழை. கேன்டீன் கமலவேணி அக்கா ஒரு தட்டு வடகத்தைத் திரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"கொஞ்சம் பாத்துக்கம்மா. இங்க காக்கா வராது. ஆனாலும் பாத்துக்க."

ஓரமெல்லாம் காய்ந்து சுருளத் தொடங்கியிருந்தது.

படத்தில் தலைவர் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கையுறை வழங்குகிறார். அவர் பக்கத்தில் குருவம்மா. கறுத்த முகம். நீட்டிய கையுறையை வாங்கவில்லை. மைக்கைப் பார்த்து ஒரே பேச்சு.

"எங்க வீட்டுக்காரரும் கையுறை போட்டுத்தான்யா சாக்கடைக் குழிக்குள்ள எறங்குனாரு. ஏறல."

தலைவர் சிரித்தபடியே நிற்கிறார். யாரோ கைதட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு துண்டு உண்டு. நிகழ்ச்சியில் வராது. எடிட்டர் என்பதால் அவள் மட்டும் பார்த்தது. குருவம்மா கேமராக்காரரிடம் கேட்கிறாள்.

"தம்பி, நா டிவில தெரிவனா?"

"நல்லாத் தெரிவீங்கம்மா."

ஏழு மணிக்கு ஒளிபரப்பு. அதற்கு முன்பே தயாரிப்பாளர் ஞானதுரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"மொத்தப் படத்தோட வெளிச்சத்தையும் ஒரு இழு இழுத்து எறக்கிவுடும்மா. வேட்டி பாஸானாப் போதும்."

இறக்கிக் காட்டினாள். வேட்டி எல்லைக்குள் வந்தது. குருவம்மா இருட்டுக்குள் போனாள். இரண்டு கண்கள் மட்டும், அதுவும் தேடினால்.

"இந்தம்மா காணாமப் போறாங்க சார்."

"போனாப் போவட்டும். இருட்டுல யாரோ முனகுறாங்கன்னு நெனச்சிக்குவாங்க. நமக்கும் அதான் நல்லது." கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். "ரொம்பப் பேசுனா அடுத்த மாசம் நீயும் காணாமப் போயிருவ."

டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் கொஞ்ச நேரம் வடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வேட்டியைச் சுற்றி மட்டும் ஒரு கோடு வரைந்தாள். கரையை விடாமல், கொசுவத்தை விடாமல். தலைவர் அசைந்த இடமெல்லாம் கோட்டையும் அசைத்தாள். கோட்டுக்குள் இருந்த வெள்ளையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

எல்லைக்குள் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை.

இட்லி நிறம். அப்புறம் மோர். அப்புறம் அரிசி களைந்த தண்ணீர். கடைசியில், குருவம்மாவின் வீட்டுக்காரர் இறங்கிய குழியில் என்ன ஓடியதோ, அந்த நிறம்.

வடகம் பாதியில் காய்வதை நிறுத்திக்கொண்டது. அணைத்த விளக்கை மறுபடி போட வேண்டியிருந்தது.

இன்னொரு கோடு. இது குருவம்மாவின் முகத்தைச் சுற்றி.

மெல்ல மேலே தூக்கினாள். நெற்றிச் சுருக்கம் வந்தது. மூக்குத்தி போட்டிருந்த துளை வந்தது. தாடை வந்தது, இறுகியபடி.

அனுப்பினாள்.

எந்திரத்துக்குக் கட்சி கிடையாது. வேட்டியைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது.

பச்சை விளக்கு.

பச்சை விழுந்த படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் முதலிலிருந்து பரிசோதனை. ஞானதுரை திரும்பி வந்தபோது அதற்கெல்லாம் நேரம் இல்லை.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். திரையைப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

நிகழ்ச்சி பாதி ஓடுவதற்குள் தொலைபேசி அடித்தது. தலைவரின் ஆள். ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"எவன்யா எங்க தலைவர் வேட்டிய இப்பிடி நாறடிச்சது?"

ஞானதுரை ரிசீவரை அவள் பக்கம் நீட்டினார், பாம்பின் வாலைப் பிடித்து நீட்டுவதுபோல.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"நாந்தாங்க. சட்டப்படி பாஸான வெள்ளை. எந்திரமே ஒத்துக்கிச்சு. அது கெடக்கட்டும், அந்தம்மா மூஞ்சி தெரிஞ்சுதுங்களா?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"தெரிஞ்சுதுல்ல?"

கமலவேணி அக்கா தட்டை எடுக்க வந்தார். ஒரு வடகத்தை ஒடித்துப் பார்த்தார். மொறுக்கென்று உடைந்தது.

"வேட்டி வெளிச்சத்தத்தான் கொறச்சிட்டியே. அப்புறம் எப்பிடிடி இது காஞ்சுது?"

திரையில் குருவம்மாவின் முகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

யார் அந்தத் தலைவர் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தத் தலைவர் வேட்டி கட்டுவதே இல்லை. எப்போதும் பேன்ட்தான்.