அடிப்பிடித்த பானை

"அடுப்புப் பக்கம் நீ வரவே கூடாது. சொல்லிட்டேன்!"

மாமியார் போட்ட சத்தம் கூடம் தாண்டி வாசல் வரைக்கும் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தப்பா, ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

மருமகள் கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

வருஷம் பிறந்த அன்று அந்த வீட்டில் ஒரே பானைதான். அரிசி, பருப்பு, ஏழு காய், எல்லாம் ஒன்றாக வெந்து இறங்க வேண்டும். யார் எங்கே பிழைத்தாலும் மத்தியானத்துக்குள் வந்து உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்ன வேண்டும். வருஷம் முழுக்க நன்றாக இருக்குமாம். ஒரே ஒரு நிபந்தனை. பானை அடிப்பிடிக்கக் கூடாது. பிடித்தால் வீட்டுக்கு ஆகாது.

முப்பது வருஷம் மாமியார் கையில் பிடிக்கவில்லை. போன வருஷம் புது மருமகளிடம் கரண்டியைக் கொடுத்தாள். பிடித்துவிட்டது.

எட்டாவது மாதம், லோடு ஏற்றிக்கொண்டு போன புருஷன்காரன் துணி சுற்றிய பொட்டலமாகத் திரும்பி வந்தான்.

லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருத்தரும் பேசவில்லை. பானை பிடித்ததைத்தான் பேசினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட அதைத்தான் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"இப்பவாவது உனக்குப் புத்தி வந்துச்சேம்மா," என்றாள் நாத்தனார். "என் தம்பியை முழுங்கினது போதும். அவ கை பட்ட காயைக்கூடத் தூக்கிப் போடு."

மேடையில் கிடந்த கரண்டியை மாமியார் எடுத்துக்கொண்டாள். சந்தையில் காய்கறிக் கடை வைத்து நாலு பிள்ளைகளை வளர்த்தவள். தராசு முள் ஒரு நூல் அந்தப் பக்கம் சாய விட மாட்டாள். பேரம் பேச வந்தவர்கள் அவள் வாய்க்குப் பயந்து சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க," என்றாள். "இவ அரிசி களையல, காய் நறுக்கல, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. எல்லாம் நான்தான். அப்புறம் அவ தொட்டா இவ தொட்டான்னு யாரும் பேசக் கூடாது."

"நாங்க எதுக்குப் பேசப் போறோம் அண்ணி?" என்றார் சித்தப்பா. "சோறு இந்த வருஷமா, அடுத்த வருஷமா? அதை மட்டும் சொல்லுங்க."

பிள்ளைகள் சிரித்தன. மாமியார் சிரிக்கவில்லை.

"நீ பின்னறைக்குப் போடி. நான் கூப்பிடுற வரைக்கும் தலை காட்டாதே."

மருமகள் போனாள்.

பின்னறையில் அவள் பை ஏற்கெனவே தயாராக இருந்தது. நாலு புடவை, புருஷனுடைய ஒரு சட்டை. சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட வேண்டியதுதான். எங்கே என்றுதான் தெரியவில்லை. அம்மா வீட்டிலும் இதே பேச்சுதான். "தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுற நேரத்துல நீ இங்க இருந்தா..." என்று அம்மாவே இழுத்திருந்தாள். தையல் வேலை கேட்டுப் போன கடையிலும், முதலாளியம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதானா அந்தப் பொண்ணு?" என்றிருந்தாள்.

இருபத்துமூணு வயசு. இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பேரைச் சுமக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பையின் வாயைக் கட்டினாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

முதலில் லேசாக. பருப்பு பிடிக்கிற வாடை. ஒரு வருஷமாக அவள் மூக்கை விட்டுப் போகாத வாடை.

ஐயோ, அத்தை எங்கே போய்விட்டாள்?

எழுந்து ஓடினாள். அடுக்களை வாசற்படியில் வந்து நின்றாள்.

மாமியார் எங்கேயும் போகவில்லை. அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். கையில் கரண்டி. கிளறவில்லை. தீ முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

"அத்தை, அடிப்பிடிக்குது!"

"தெரியும்."

"தீயைக் குறைங்க அத்தை! நான் வந்து..."

"வாசப்படியைத் தாண்டினே, காலை உடைச்சிடுவேன். அங்கேயே நில்லு."

கூடத்தில் நாத்தனாரின் குரல் கிளம்பியது. "என்ன வாடை அது? அந்த மூதேவி உள்ள போயிட்டாளா?"

"இல்லையே," என்றார் சித்தப்பா. அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அண்ணி மட்டும்தான் நிக்கிறாங்க. நான் பார்த்துக்கிட்டேதானே இருக்கேன்."

கூடத்திலிருந்த எல்லாத் தலைகளும் அடுக்களைப் பக்கம் திரும்பின.

மாமியார் திரும்பாமலே பேசினாள். சந்தையில் கத்திக் கத்தித் தடித்துப்போன குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நீ பையைக் கட்டுனதை நேத்தே பார்த்தேன். இந்தப் பேரோட எங்கே போனாலும் உன்னை வாழ விட மாட்டாங்கடி. நான் எத்தனை சொன்னாலும் இவங்க காதுல ஏறாது. இன்னிக்குப் பானை பிடிச்சும், அடுத்த வருஷம் இதே நாள், இத்தனை பேரும் முழுசா வந்து உட்காருவாங்க. அப்ப ஏறும்."

மருமகள் கூடத்துப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருவேளை... யாருக்காவது ஏதாவது ஆயிட்டா, அத்தை?"

பானைக்குள் சோறு கருகுகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா ஆகட்டும்," என்றாள். "கரண்டி யார் கையில இருந்துச்சுன்னு எல்லாரும் பார்த்துட்டாங்கல்ல?"