செப்புக் குடத்துத் தண்ணீர்

"ஆன்ட்டி, உங்க குசினிக்குள்ள நான் வரணும்."

கேட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அடுப்படிக்குள் வருகிறேன் என்று மட்டும் நீயாகக் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சாதியில் அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வள்ளிநாயகி ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

கிருஷாந்த் ஹாலில் கண்ணாடித் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தான். நானும் அவனும் சேர்ந்து வாங்கிய தொட்டி. இருபது லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு கல், பன்னிரண்டு இறால்கள். ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு. பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள். ஓயாமல் வாலைத் தூக்கி ஆட்டும்.

இப்போது ஆட்டிக்கொண்டிருந்தவை இரண்டு.

வருகிற வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதிவுத் திருமணம். அதற்குப் பிறகு நானும் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அவன் மூன்று வாரப் பயிற்சிக்கு ஜொகூர் போய் நேற்றுதான் திரும்பினான். அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்து தொட்டியைச் சுத்தம் செய்தேன். மற்ற நாள்களில் ஆன்ட்டிக்கு ஒரே ஒரு வேலை. உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர்தான் வற்றும். வற்றுகிற அளவுக்கு வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்றினால் போதும். அதற்கென்றே ஒரு நீல பிளாஸ்டிக் ஜக் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"பண்ணையில லட்சம் லட்சமா இறால் வளர்க்கிற. இங்க பன்னிரண்டு தாங்கலையா லா?" இன்று நான் வந்ததும் வராததுமாகக் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

நான் வளர்ந்த பைராம் தோட்டத்தில், எங்கள் வரிசை வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டமே இறாலைப் பற்றிப் படித்து வாங்கியதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டித் தண்ணீரைக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, பையிலிருந்த சோதனை மருந்தை அதில் ஐந்து சொட்டு விட்டேன். நிறம் மாறியது.

செப்பு. மனிதர்களை ஒன்றும் செய்யாத அளவு. இறாலுக்கு அது விஷம்.

கல்லில் செப்பு இல்லை. உப்பில் இல்லை. நான் மாற்றிய தண்ணீரில் இல்லை. மிச்சம் இருந்தது குசினிதான். அதனால்தான் கேட்டேன்.

"வாங்கோ பிள்ளை," என்றார் ஆன்ட்டி, மகனிடமிருந்து பார்வையைத் திருப்பி.

சன்னலோரம் தண்ணீர் வடிகட்டி. அதன் கீழே பளபளவென்று தேய்த்த செப்புக் குடம். மூடியின் மேல் வெள்ளி டம்ளர்.

"இதில இருந்துதான் ஒவ்வொரு நாளும் ஊத்தினனான். இரவு பூரா செப்பில நிண்ட தண்ணி. நாங்கள் குடிக்கிறதே இதுதான். பாவம், அதுகளுக்கும் நல்லதெண்டுதான்..."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. கோபப்படுவதற்கு என்று வந்தவள் நான். சுற்றிலும் ஜக்கைத் தேடினேன்.

"என் ஜக் எங்க ஆன்ட்டி?"

அவர் பின்பக்கம் பார்த்தார். பின்கதவு திறந்திருந்தது.

வெளியே, சாக்கடைக்குப் பக்கத்துக் குழாயடித் திட்டில், என் ஜக் கவிழ்ந்திருந்தது. அதன் பக்கத்தில் பச்சைப் பூப்போட்ட ஒரு கோப்பை. அதுவும் கவிழ்ந்திருந்தது.

இரண்டு வருஷமாக இந்த வீட்டில் எனக்குக் கோப்பி வருகிற கோப்பை.

எப்போதும் கிருஷாந்த்தான் கொண்டுவந்து தருவான். குடித்ததும் அவனே வாங்கிக்கொண்டு போய்க் கழுவுவான். ஆன்ட்டியை ஒருநாளும் கழுவவிட்டதில்லை. இப்படி ஓர் ஆம்பிளையா என்று பண்ணையில் என் மேலாளர் நூர்ஜான் அக்கா கேலி செய்வார். நான் பெருமையாகச் சிரித்திருக்கிறேன்.

"நான் ஜக்கை உள்ளுக்குத்தான் வைச்சனான் பிள்ளை," என்றார் ஆன்ட்டி மெதுவாக. "இவன்தான் ஜொகூருக்குப் போக முதல் எடுத்து வெளியில வைச்சவன். இவன்ர அப்பா கண்டால் கலியாணத்துக்குக் கரைச்சல் எண்டு. கோப்பையும்..."

"அம்மா, விடுங்கோ."

என் பின்னால் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

வெளியில் வைத்த ஜக்கை உள்ளே கொண்டுவர முடியாது. அதனால் குடம். அதனால் பத்து இறால்கள்.

ஹாலுக்கு வந்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவனும் கூடவே வந்தான். கெஞ்சுகிற குரல்.

"நமக்காகத்தான் செஞ்சேன் சாந்தினி. கல்யாணம் மட்டும் முடியட்டும். அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்."

பொய் சொல்லவில்லை. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. கோப்பை ஏது என்று நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான். நான்தான் கேட்கவில்லை.

"இன்னிக்கே பாதித் தண்ணிய மாத்து," என்றேன். "மிச்ச ரெண்டும் பிழைச்சாலும் பிழைக்கும்."

வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினேன். ஃபோனை எடுத்து நூர்ஜான் அக்காவுக்கு எழுதினேன்.

அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணாம். வேலைக்கு வரேன்.

அவர் பதில் போடுவதற்குள் கேட்டைத் திறந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன்.