நகராத கல்யாண வீடியோ

“‘நகர்த்தினா மறுபடியும் முதல்லேர்ந்தே ஓடுது. பொண்ணுக்குத் தலை வாருறதையே எத்தனை தடவைதான் பாக்கறது? உன் புருஷன் என்னதான் வேலை பாக்கறான்?’ உங்க அக்கா கேட்டது இது. அட்சரம் பிசகாம சொல்லிட்டேன். பதில் சொல்லுங்க.”

இடுப்பில் கை வைத்து நின்றாள் அவள். கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஊரார் படத்தையெல்லாம் இணையத்தில் தடங்கலில்லாமல் ஓடவிடும் கம்பெனியில் அவருக்கு வேலை. மகளின் கல்யாண வீடியோவை உறவுக்காரர்கள் பார்க்க அவரேதான் ஏற்றிவைத்தார். அதுவோ சண்டி மாடு. படத்துக்குக் கீழே ஓடும் கோட்டை எங்கே இழுத்துவிட்டாலும் முதல் காட்சிக்கே திரும்பி வந்து நின்றது. தான் மேடை ஏறும் இடத்தைப் பார்க்காமல் நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போன்.

“வெள்ளிக்கிழமை சரியாயிடும்.”

“அதென்ன வெள்ளிக்கிழமை? நல்ல நாள் பாத்துதான் கை வைப்பீங்களோ?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் திட்டும்போதெல்லாம் போனில் “ஆமா அண்ணி” போடுவது அவள்தான். இன்றைக்கு ஒரு படி மேலே போனாள். இப்போதே சரிபண்ணாவிட்டால் மேனேஜருக்கே போன் போட்டு மானத்தை வாங்கிவிடுவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான்.

அவர் ஹெட்ஃபோனை நீட்டினார். தன்னிடமிருந்த பிரதியைத் திறந்து கோட்டை இழுத்தார். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

திரையில் நாத்தனார் மேடை ஏறினாள். காதிலோ இவளுடைய சொந்தக் குரல். மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஸ்டூடியோக்காரர் குத்திவிட்ட குட்டி மைக்கைக் கழற்றவே மறந்திருக்கிறாள்.

“வந்துட்டா பாரு. கேமரா இருக்கற பக்கம்தான் இவளுக்குப் பாசம் பொங்கும்.”

பக்கத்தில் நின்ற தங்கையிடம் சொன்னது. அடுத்த நொடியே திரையில், “வாங்க வாங்க அண்ணி” என்று நாத்தனாரைக் கட்டிக்கொள்கிறாள்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

“பாட்டு கெடாம அந்தப் பேச்சை மட்டும் எடுத்து வெள்ளிக்கிழமை தர்றோம்னு ஸ்டூடியோவில சொல்லியிருக்காங்க,” என்றார் அவர். “அதுவரைக்கும் வீடியோவையே தூக்கிட்டா, ஏன்னு அக்கா குடைவா. அதான் நகர்த்தற வசதியை மட்டும் நிறுத்தி வெச்சேன். முதல்லேர்ந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்கற பொறுமை அவளுக்குக் கிடையாது.”

போன் அடித்தது. நாத்தனார்தான். தம்பியைப் படிக்க வைத்ததே தண்டம் என்று தொடங்கினாள். இந்த வீடியோவையே நகர்த்தத் தெரியாதவன் ஆபீஸில் எதை நகர்த்துகிறானாம்? கேட்டுவிட்டு, வழக்கமான “ஆமா அண்ணி”க்காகக் கொஞ்சம் நிறுத்தினாள்.

“இனிமே அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி.”