லேஸ் கூடத்தில் தர்க்க சாஸ்திரம்

"ஏட்டி, எழும்பு! கல்லறை மேல இருந்தா பாடம் படிக்க?"

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் ரசலையன் போட்ட அதட்டலில், பேபி புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஊர்ல இங்க மட்டும்தான் சத்தம் இல்ல, மாமா."

"எப்பிடி இருக்கும்? இங்க உள்ளவியளுக்குப் பரீட்சை எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா! போ, போ."

பேபி கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். இன்டர்மீடியட் படிப்பதற்காகக் கடல் கடந்து, தகப்பனாரின் சொந்த ஊரான நாகர்கோவிலுக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கல்லூரி வாசகசாலையை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அவள் தங்கியிருந்த அத்தை வீட்டை ஒட்டி அரைவை மில். குளக்கரையில் உட்கார்ந்தாலோ, குளிக்க வந்த பெண்கள் கொழும்புக் கதை கேட்டார்கள்.

கல்லூரியில் வைத்த முன்தேர்வில் அவள் தர்க்க சாஸ்திரத்தில் தோற்றுப்போனாள். தகப்பனாரின் கடிதம் சுருக்கமாக இருந்தது: 'மார்ச்சுப் பரீட்சையிலும் தவறினால் அடுத்த கப்பலில் திரும்பி வா. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள்.'

"மிஷன் லேஸ் கூடத்துல ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா. ஜெயபாய்க்க கண்டிப்பு அப்பிடி. போய்க் கேட்டுப் பாரு," என்றாள் அத்தை செல்லபாய்.

ஜெயபாய் அந்தக் கூடத்தின் மேற்பார்வைக்காரி. பேபி போனபோது, பன்னிரண்டு பெண்கள் மடியில் தலையணைகளை வைத்து, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருந்துக்க. ஆனா உரக்கப் படிக்கணும்."

"அக்கா, மனசுக்குள்ள படிச்சாத்தான் எனக்கு ஏறும்."

"அப்ப வேற எடம் பாரு."

வேறு இடம்தான் இல்லையே! பேபி ஒரு மூலையில் அமர்ந்து, புத்தகத்தை விரித்து, இரண்டு வரி வாசித்தாள்.

"நிறுத்து. தமிழ்ல சொல்லு."

"புத்தகம் இங்கிலீஷ்ல இருக்குதே, அக்கா."

"இருக்கட்டும். இந்தக் கூடத்துல தமிழ்தான். தலையில முக்காடு போட்டுக்க."

பேபிக்குக் கண் கலங்கியது. மாதாகோயிலுக்குப் போகும்போது தவிர அவள் முக்காடு போட்டதே இல்லை. ஆயினும் போட்டுக்கொண்டாள்.

அன்றுமுதல் தினமும் மாலை நாலரை மணிக்கு இந்தத் தண்டனை தொடங்கியது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் திக்கித் திணறித் தமிழாக்கினாள்.

"காகங்கள் எல்லாம் கறுப்பு. இது கறுப்பு. ஆகவே இது காகம். இவ்வாறு முடிவு செய்வது பிழை."

"எங்க வீட்டுக்காரரும் கறுப்புதான்," என்றாள் லேஸ் பின்னிக்கொண்டிருந்த சத்தியபாய், கை நிற்காமல். "அவரு காகம் இல்லைன்னு எழுதித் தருவியா, மக்கா?"

கூடமே சிரித்தது. ஜெயபாய் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் பிழைன்னு அவளுக்கு வெளங்கும்படி சொல்லு."

பேபி சொன்னாள். சத்தியபாய்க்கு விளங்கவில்லை. வேறு விதமாகச் சொன்னாள். அப்போதும் விளங்கவில்லை. மூன்றாம் முறை, மாங்காயும் புளிக்கும், புளியங்காயும் புளிக்கும் என்று காட்டிச் சொல்லி முடித்தபோது, அதுவரை வெறும் மனப்பாடமாகக் கிடந்த விதி தனக்கே அப்போதுதான் விளங்குகிறது என்று கண்டு வியந்தாள்.

ஆனால் கோபம் தணியவில்லை. கூடத்தை நடத்திவந்த துரைசாணி அம்மா வராந்தாவில் வரும்போதெல்லாம் ஜெயபாய், "இன்னும் உரக்க!" என்பாள். வெள்ளைக்காரியின் முன்னால் தன்னைக் கிளிப்பிள்ளையாக்கி வேடிக்கை காட்டுகிறாள் என்று பேபி குமுறினாள். துரைசாணியும் வாசலில் நின்று, கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்டு, "நல்லது, நல்லது," என்று சொல்லிப் போவார்.

மார்ச்சு வந்தது. பரீட்சையில், அதே பிழையை விளக்கும்படி ஒரு வினா. சத்தியபாயின் கணவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு, பேபி ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

ஜூனில் முடிவு தெரிந்தது. முதல் வகுப்பு! தர்க்கத்தில் கல்லூரியிலேயே முதலிடம். கொழும்பிலிருந்து தந்தி பறந்து வந்தது: 'பி.ஏ.யில் சேர். கல்யாணம் காத்திருக்கட்டும்.'

தந்தியும் கையுமாகப் பேபி லேஸ் கூடத்துக்கு ஓடினாள். பன்னிரண்டு பெண்களும் தலையணைகளை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்கள். சத்தியபாய் குரவையிட்டாள். தானே பரீட்சை எழுதித் தேறியது போல் அவள் முகம் பூரித்திருந்தது.

பேபி ஜெயபாயின் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"ஜெயிச்சிட்டேன், அக்கா. இப்பவாவது சொல்லுங்க. இருந்து படிக்க எடம் கேட்டு வந்தவளை ஏன் அந்தப் பாடு படுத்தினீங்க?"

ஜெயபாய் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லேஸ் பின்னுதவியளைத் தவிர வெளியாளு ஒருத்தரும் இங்க இருக்கப்பிடாது, மக்கா. இருத்தினா எனக்க வேலை போயிரும். பின்னும்போது பக்கத்துல இருந்து வேதப்புத்தகம் வாசிக்க வருத பிள்ளைக்கு மட்டும்தான் அனுமதி."

பேபி திகைத்தாள்.

"நான் எங்க அக்கா வேதம் வாசிச்சேன்? துரைசாணி அம்மா தினமும் நின்னு கேட்டாங்களே!"

"கேட்டாவ. அவிய சீமையில இருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகல்ல." ஜெயபாய் முதல் தடவையாகச் சிரித்தாள். "இங்கிலீஷ்ல வாசிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பாவ. தமிழ்தான் அவியளுக்குத் தெரியாதே!"