புகைக்குழாய் அடைப்பு

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் மாடக்கண்ணு, பழைய காரின் முன்பக்கம் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிச் சுழற்றிக் களைத்துவிட்டான். எஞ்சின் சுற்றியதே தவிர, கிளம்பவில்லை.

"தீப்பொறி வருது, பெட்ரோலும் இறங்குது. பெறவு என்னய்யா கேடு?"

"பின்னால புகைக்குழாயப் பாருலே," என்றார் முதலாளி எலியேசர், தயங்கியபடி.

உள்ளே திணித்திருந்த சின்னஞ்சிறு காலுறைகளை இழுத்தெடுத்து மாடக்கண்ணு சிரித்தான். "பாப்பா வேலையாய்யா? நீங்க கல்லிடைக்குறிச்சிக்குப் போவக் கூடாதுன்னு அடைச்சிருக்கு!"

"நான் எங்க கெளம்பினாலும் அப்படித்தான் செய்வா."

சத்தம் கேட்டு வந்த அவர் மனைவி ஜெபராணி, காலுறைகளைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். "இது நான் பின்னினதுல்லா? அடக்கம் பண்ணுன அன்னைக்குப் பெட்டிக்குள்ள வச்சு அவ காலுல நாந்தான போட்டுவிட்டேன்!"

எலியேசர் அவற்றை வாங்கி மீண்டும் குழாய்க்குள் திணித்தார். குனிந்து, மெல்லச் சொன்னார்:

"அப்பா போவலட்டி."